பழைய வீடும் முதிய பெற்றோரும்

(வெள்ளி விழாவையொட்டிப் புவனகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் வீட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது நம் கருத்து. கழகம் தோன்றிய காலத்தில் மாணவராயிருந்தோர் இன்று குடும்பத் தலைவர்களாக விளங்குகின்றனர். கூலி வேலை செய்து அவர்களைப் படிக்க வைத்த பெற்றோர் இன்று முதுமையை எய்திவிட்டனர். பிள்ளைகளுள் பலர் சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பணியின்பொருட்டுச் சென்றுவிட, அம்முதியோர் காலனி வீட்டில் தனித்து வாழ்கின்றனர். கையில் நான்கு காசு சேர்ந்ததும் பிள்ளைகளின் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம், 'பழைய வீட்டை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவோம்' என்பதே. அவ்வெண்ணத்தைச் சற்றே நிறுத்தி வைத்து ஆராயுமாறு கேட்டுக்கொள்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வீடு வந்த வரலாறு

நம் காலனி வீடுகள் எளிதில் கிடைத்தவை அல்ல. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். ஓலையும் வைக்கோலும் வேய்ந்த கூரையின்கீழ் வாழ்ந்த நம் மக்களுக்கு, நெருப்பு என்பது ஒவ்வோர் இரவும் உடன் உறங்கிய அச்சமாக இருந்தது. தீப்பற்றாத வீடுகளை ஆதிதிராவிட மக்களுக்குக் கட்டித்தரும் நோக்கத்துடன் தாட்கோ நிறுவனம் 1974இல் தோற்றுவிக்கப்பட்டது. வீட்டுமனைக்கு நிலம் எடுப்பதில் நேர்ந்த காலத்தாழ்வை நீக்க 1978இல் தமிழகத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1985-86இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கிற்று. இவ்வாறு, கான்கிரீட் தளம் போட்ட தொகுப்பு வீடுகள் நம் தெருக்களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அவ்வீடு சிறியது, ஆயினும் தீப்பற்றாதது. ஆண்டுதோறும் கீற்று மாற்றும் செலவு நின்றது. மழைக்காலத்தில் புத்தகம் நனையாமல் வைக்க ஓர் அலமாரி கிடைத்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் ஏற்றிய கல்வி விளக்கு நம் வீடுகளுக்குள் நின்று எரிய, இக்கூரையும் ஓரளவு துணைபுரிந்தது. ஆகவே, 'பழைய காலனி வீடு' என்று இளைஞர்கள் இகழ்ந்துரைக்கும்போது, அச்சுவர்கள் எதற்காக எழுப்பப்பட்டன என்பதை நினைவூட்டுவது நம் கடமை.

கூரை தரும் வெப்பம்

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நெருப்பிலிருந்து காத்த அதே கான்கிரீட் தளம், கோடைக்காலத்தில் முதியோரை வாட்டுகிறது. இதற்குரிய காரணத்தை அறிந்துகொண்டால்தான் தீர்வும் விளங்கும்.

புவனகிரி, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரைப் பாகையில் அமைந்துள்ளது. ஆகையால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதம் 20ஆம் நாளையொட்டியும் ஆகஸ்டு மாதம் 23ஆம் நாளையொட்டியும், நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அந்நாட்களில் சுவரைவிடக் கூரைமீதே வெயில் மிகுதியாக விழுகிறது. நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் அவ்வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாலைக்குப் பின் மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்கு வெளியே காற்று தணிந்திருந்தும், வீட்டினுள் படுக்க இயலாமைக்குக் காரணம் இதுவே. மின்விசிறியைப் போட்டால், அது சூடேறிய தளத்தின்கீழ் உள்ள காற்றையே நம்மீது தள்ளுகிறது.

இளைஞர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கோ திண்ணைக்கோ சென்றுவிடுவர். எழுபது வயதுத் தாய் எங்கே செல்வார்? முதுமையில் வியர்வை குறைகிறது. தாகம் தோன்றுவதும் குறைகிறது. உடல் தன் வெப்பத்தைத் தானே தணித்துக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. இரவிலும் வெப்பம் விடாது தொடர்ந்தால் இதயமும் சிறுநீரகமும் தளர்கின்றன. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்ததை நினைவிற்கொள்க. புயலும் வெள்ளமும்போல வெயிலும் உயிரைப் பறிக்கும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. பிள்ளைகள் அனுப்பும் பணத்தைவிட, உறங்கத்தக்க ஓர் அறையே அப்பெற்றோருக்கு முதல் தேவை.

வெப்பத்திற்கு அஞ்சி, கான்கிரீட் தளத்தின்மேல் கீற்றுக் கொட்டகை போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கீற்று குளிர்ச்சி தருவது மெய்யே. ஆனால் எந்த நெருப்பிலிருந்து தப்ப இவ்வீட்டுக்கு வந்தோமோ, அதனையே மீண்டும் தலைமீது ஏற்றி வைப்பதாகும் அது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மடிந்ததை ஆசிரியப் பணியில் உள்ள நாம் எவரும் மறக்க இயலாது. தீப்பற்றாமலே குளிரச் செய்யும் வழிகள் இருக்கையில் கீற்றை நாடுவானேன்?

செய்ய வேண்டுவன

முதலாவது, தளத்தின் உறுதி. முப்பது நாற்பது ஆண்டு கடந்த தளங்களில், கீழ்ப்பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிவதைக் காண்கிறோம். மழைநீர் கசிந்து கம்பியை அடைய, கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடற்காற்று வீசும் நம் வட்டாரத்தில் இது விரைந்து நிகழ்கிறது. கீழே மட்டும் சிமெண்டைப் பூசி மறைத்தல், புண்ணின்மேல் சந்தனம் தடவுவதை ஒக்கும். தளர்ந்த பகுதியைத் தட்டி அகற்றி, கம்பியின் துருவைத் தேய்த்துப் போக்கி, துருத்தடுப்பு பூசி, அதன்பின் உரிய கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பெரிதும் தேய்ந்திருப்பின் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுக. அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அத்தளத்தின்மேல் மாடி எழுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டாவது, தளத்தின் மேற்பரப்பு. நம் முன்னோர் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தனர். அது கசிவையும் தடுத்தது, வெப்பத்தையும் தடுத்தது. தொகுப்பு வீடுகள் பலவற்றில் செலவைக் குறைக்க இந்த அடுக்கு விடப்பட்டது. தளம் தாங்கும் என்று பொறியாளர் கூறினால் இதனை இப்போதும் செய்யலாம். மழைநீர் தேங்காது ஓடச் சரிவு வைத்தல் இன்றியமையாதது.

அதற்கும் வசதியில்லாதவர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. அது வெள்ளையடித்தல். தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி உலர்த்தியபின், வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் சிறிது பசை சேர்த்து இரண்டு மூன்று முறை அடித்தால், விழும் வெயிலின் பெரும்பகுதியை வெண்மை திருப்பி அனுப்பிவிடும். வீட்டினுள் இரண்டிலிருந்து ஐந்து பாகை செல்சியசு வரை வெப்பம் குறையக்கூடும். அகமதாபாத் நகரில் 2017 முதல் ஏழையர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணி நடைபெற்றது. தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கெனவே ஒரு கொள்கையை வெளியிட்டது. மழை கரைத்துவிடுமாதலால் ஆண்டுக்கொருமுறை அடித்தல் வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணிந்து செய்க.

மூன்றாவது, காற்று. கடற்கரையை அடுத்த நம் ஊரில் புழுக்கம் மிகுதி. காற்று ஓடினால்தான் வியர்வை உலரும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வருகிறது. அது நுழையக் கிழக்கே ஒரு சாளரமும், வெளியேற எதிர்ச்சுவரில் ஒரு வழியும் வேண்டும். ஒரு சாளரம் மட்டும் இருப்பது, வாயை மூடிக்கொண்டு ஊதுவது போன்றது. சுவரின் மேற்பகுதியில் துளைகள் விட்டுச் செங்கல் அடுக்கினால் சூடான காற்று தானே வெளியேறும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007), இவ்வகைத் துளைச்சுவரையும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு ஏழையரும் வாழத்தக்க குளிர்ந்த வீடுகளைக் கட்டிக் காட்டினார். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்போ புங்கமோ நட்டால் மாலை வெயில் சுவரில் படாது.

நான்காவது, நடமாட்டம். முதியோர் பலரின் வாழ்வு ஒரு வழுக்கலில் முடங்கிவிடுகிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் பலரால் முன்போல் நடக்க இயலுவதில்லை. ஆகவே கழிப்பறையை வீட்டோடு ஒட்டி அமைத்து, மேற்கத்திய முறைக் கோப்பை வைத்து, எழுந்து நிற்கக் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும். தரை சொரசொரப்பாக இருக்கட்டும். பளபளக்கும் ஓடு கண்ணுக்கு அழகு, காலுக்குப் பகை. கதவு வெளிப்புறம் திறத்தல் நன்று. உள்ளே விழுந்தவரைத் தூக்க அதுவே வழி. வாயில் மூன்றடி அகலம் இருந்தால் சக்கர நாற்காலி நுழையும்.

படியைப் பற்றி ஒரு கணக்கு. சரிவுப்பாதை ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் இருத்தல் வேண்டும். நம் வீடுகளின் அடித்தளம் இரண்டடி உயரமெனில் 24 அடி நீளம் தேவை. காலனித் தெருவில் அதற்கு இடமில்லை. ஆறங்குல உயரத்தில் நான்கு அகன்ற படிகளும் இருபுறமும் கைப்பிடியும் அமைத்தால் போதும். ஆனால் படிக்கு அஞ்சி அடித்தளத்தைத் தாழ்த்திவிடாதீர். நம் குடியிருப்புகள் பல தாழ்ந்த நிலத்தில் ஒதுக்கப்பட்டவை. வெள்ளாறு பெருகினால் நீர் எங்கு முதலில் வரும் என்பதை நாம் அறிவோம். 2005, 2015ஆம் ஆண்டுகளின் வெள்ளத்தையும், 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலையும் கண்டவர்கள் நாம். மின் இணைப்புப் பெட்டியும் சுவிட்சுகளும் வெள்ளக்கோட்டிற்கு மேலே இருக்கட்டும். பட்டாவுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் உயர்ந்த பரண் ஒன்று அமைக. 2015 வெள்ளத்திற்குப் பின் சான்றிதழ் இழந்தோருக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த நேர்ந்தது.

மின்சாரக் கணக்கு

ஐந்தாவது, மின்சாரம். கூரையையும் காற்றையும் சீர்செய்த பின்னரே இதற்கு வர வேண்டும். முறை மாறினால் செலவு மிகும்.

பழைய மின்விசிறி 75 வாட் மின்சாரம் கொள்கிறது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 72 யூனிட். பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஏறத்தாழ 30 வாட். அதே நேரத்திற்கு 29 யூனிட்டே ஆகிறது. இரண்டு மின்விசிறி உள்ள வீட்டில் 144 யூனிட் செலவாவது 58 யூனிட்டாகக் குறைகிறது. 60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவே. இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் ஆணை 2016இல் வந்தது. திருத்திய வீட்டில் முதியோர் இருவர் அந்த 100 யூனிட்டுக்குள்ளேயே வாழ்ந்துவிட முடியும். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையை நம்பி வாழ்வோர்க்கு மின்கட்டணம் இல்லாத வீடு எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை எண்ணுக.

இதற்கு மாறாக, கொதிக்கும் தளத்தின்கீழ் ஒரு டன் குளிர்சாதனக் கருவியை வைத்து, இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 8 யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் 480 யூனிட். பிள்ளை வாங்கிக் கொடுத்த கருவியைக் கட்டணத்திற்கு அஞ்சித் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. குளிர்சாதனம் கூடாதென்பது நம் வாதமன்று. நோயுற்றோர்க்கு அது தேவைப்படலாம். வெயிலைக் கூரையிலே தடுத்த வீட்டில் அக்கருவியும் குறைவாகவே உழைக்கும்.

மின்சாரம் எங்கிருந்தோ வருவதன்று. நமக்கு அண்மையில் உள்ள நெய்வேலியில், விளைநிலங்களைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எடுத்து எரித்தே மின்சாரம் ஆக்கப்படுகிறது. நிலம் இழந்தோரும், வேலை இழந்த கூலித் தொழிலாளரும் நம் சுற்றத்தாரே. சிக்கனமாக வாழும் வீடு அவர்களுக்கும் செய்யும் மரியாதையாகும். பழைய சுவரை இடியாது காப்பதிலும் இச்சிக்கனம் உண்டு. ஒவ்வொரு செங்கல்லும் சூளையில் வெந்தது, ஒவ்வொரு சிமெண்டு மூட்டையும் நெருப்பில் பிறந்தது.

பணமும் உரிமையும்

இளைஞர்களே! வட்டிக்கு வாங்கிப் பெரிய வீடு கட்டியபின் தம்பியின் கல்லூரிப் படிப்பு நின்ற குடும்பங்களை இவ்வட்டாரத்தில் நாம் கண்டதில்லையா? அண்ணல் அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டியபோது, அதில் தம் நூல்களுக்கென்றே இடம் வகுத்தார். வீடு எதற்கு என்பதற்கு அதுவே விடை. மேலே கூறிய திருத்தங்களை ஒரே ஆண்டில் செய்ய வேண்டுவதில்லை. இவ்வாண்டு கசிவு, அடுத்த ஆண்டு கழிப்பறை, அதற்கடுத்து சாளரம் என்று கூலிப்பணத்திலேயே செய்து முடிக்கலாம். அதனால் மிஞ்சும் பணம் படிப்புக்குச் செல்லட்டும். இடிந்து விழும் நிலையில் உள்ள வீட்டை மட்டும் இடித்துக் கட்டுதல் முறையாகும்.

அரசின் உதவியையும் கேட்டுப் பெறுவோம். 2000-2001க்கு முன்னர் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளுள் இரண்டரை இலட்சம் வீடுகளைப் பழுதுபார்க்க, 2,000 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. மேல்புவனகிரி, கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகங்களுக்குச் சென்று, நம் வீடுகள் எவ்வுதவிக்கு உரியவை என்று படித்த இளைஞர்கள் எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும். படிப்பறியாத மூதாட்டிக்காக ஒரு மனு எழுதித் தருவதும் கல்விப் பணியே.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். வீட்டைத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்னர் அவர்களைத் திண்ணைக்குத் தள்ளுவது கொடுமை. பராமரிப்பதாகக் கூறி எழுதி வாங்கிய சொத்தை, அவ்வாறு பராமரிக்காவிடில் மீட்டுக்கொள்ள 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழியுண்டு. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதிவைத்தல் நலம். உயிரோடிருக்கும்வரை வீடு பெற்றோர் பெயரிலேயே இருப்பது அதனினும் நலம்.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

ஊரில் எழும் மாளிகைகளையெல்லாம் கட்டுபவர் யார்? நம் கொத்தனார்கள், நம் சித்தாட்கள். பிறர் வீட்டுத் தளத்திற்குக் கடுக்காய் நீர் தெளித்து அடித்த கைகள், தம் தாய் படுக்கும் அறையின் தளத்தை வெறுமையாக விட்டு வைத்துள்ளன. அக்கைத்திறன் நம் தெருவிலும் பயன்படல் வேண்டும். ஆதலால் கழகத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறோம். ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில், கத்திரி வெயில் தொடங்குமுன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குவோம். தனித்து வாழும் முதியோர் வீடுகளைக் கணக்கெடுப்போம். சுண்ணாம்பும் மட்டையும் கழகம் வழங்கட்டும்; உழைப்பை இளைஞர்கள் வழங்கட்டும்; மூத்த கொத்தனார்கள் முன்னின்று கற்பிக்கட்டும். தளத்தின்மேல் ஏறும்போதே விரிசல் எங்கே, கசிவு எங்கே என்று குறித்துக்கொண்டால், ஐப்பசி மழைக்குமுன் பழுதுபார்க்க வழி பிறக்கும்.

நெருப்பிலிருந்து நம் பெற்றோரைக் காக்க ஒரு தலைமுறை போராடிக் கூரை பெற்றுத் தந்தது. அக்கூரையின் வெப்பத்திலிருந்து அவர்களைக் காத்தல் நம் தலைமுறையின் கடமை. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு வாளிச் சுண்ணாம்பு இருந்தால் தொடங்கிவிடலாம். வரும் பங்குனியிலேயே தொடங்குவோம்.

வாழ்க கழகம்! வளர்க கல்வி!